ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கம்

டிசம்பர் முப்பது. ராத்திரி இரண்டரை.
விடிகாலை ரயிலுக்குக் காட்பாடி போகவேண்டிய குடும்பம்
பெட்டிகளின்மேல் தலைவைத்துத் தூங்குகிறது.
பெயர், ஊர், எத்தனை பேர், யாருக்கு வைத்தியம் என்று
கட்டம் போட்ட லாட்ஜ் ரிஜிஸ்டரில்
கடைசிப் பக்கம் என்னுடையது.
தியேட்டரில் பார்த்தது பதினேழு.
தேறியது ஏழோ எட்டோ.

எட்டு, அந்த லாரிப் படம்.
கதை ஆம்பூர் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.
ஆனால் அது அக்னி நட்சத்திரம்,
அகழி மீனும் மூச்சு வாங்கிய மதியம்.
இரண்டே முக்கால் மணி நேரம் ஏசி நிற்கவில்லை.
எட்டாவது இடம் ஏசிக்கு.

ஏழு,
ஒரே அடியில் முப்பது பேர் பறக்கும் படம்.
விசிலடித்தேன், மறைப்பானேன்.
அன்று காலைதான் முதலாளி
இரண்டு பெட்ஷீட் குறைகிறதென்று
சம்பளத்தில் பிடித்திருந்தார்.
பறந்தவர்களில் ஒருவருக்கு அவர் ஜாடை.

ஆறும் ஐந்தும் ஒரே படம்.
தனியாகப் போனபோது அழுதேன்.
மறுவாரம் இம்தியாஸ் கூட வந்தான்.
"இன்னாடா, அம்மா சாவறதுக்குப் பத்து நிமிசம்
வயலின் வாசிச்சிகினு கீறான்."
அதற்கப்புறம் எனக்கும் வயலின் மட்டுமே கேட்டது.
அழுதவன் ஆறு. சிரித்தவன் ஐந்து.

நான்கு படமே இல்லை.
நவம்பரில் பாலாற்றில் தண்ணீர் வந்தது.
போலீஸ் விரட்ட விரட்ட
பாலத்தின்மேல் கூட்டம் கலைந்து கலைந்து கூடியது.
ஷூ கம்பெனி பஸ்ஸின் ஜன்னலெல்லாம் தலைகள்.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
நிமிர்ந்தபடியே மிதந்து வந்தது,
இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல.
இந்த வருஷம் எந்த டைரக்டரும்
அப்படி ஒரு ஷாட் வைக்கவில்லை.
இம்தியாஸ் ஒத்துக்கொள்ளமாட்டான்.
"டிக்கெட் எங்க?" என்பான்.

மூன்று, விசாரணைக் கைதி படம்.
விருது வாங்கும் என்கிறார்கள். வாங்கட்டும்.

இரண்டாவதை எழுதி அடித்துவிட்டேன்.
கூடப் பார்த்தவள் பெயரையும்
சேர்த்தே அடிக்கவேண்டியதாயிற்று.

ஒன்று,
பாதிப் படம்.
ஆகஸ்டில் இருநூற்று நான்கில் தங்கியிருந்தார்
நிர்மல் மொண்டல், மால்டா.
மனைவிக்கு இதயத்தில் வால்வு மாற்றி மூன்று நாளாகியும்
கண் திறக்கவில்லை.
பார்க்கவிடுவது சாயங்காலம் பத்து நிமிஷம்.
மீதி நேரமெல்லாம் எங்கள் மாடிப்படியில்
ஏறுவார், இறங்குவார்.
சத்தம் தாங்காமல்தான் மேட்னிக்குக் கூட்டிப்போனேன்.

அவருக்குத் தெரிந்த தமிழ்:
தண்ணி, வலி, எவ்ளோ, நாளைக்கு வா.
நாலும் கவுன்ட்டர்களில் கற்றது.
அதை வைத்துக்கொண்டே படம் பார்த்தார்.
யாரும் சிரிக்காத இடங்களில் சிரித்தார்,
முன்வரிசை திரும்பிப் பார்த்தது.
அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல்
தோணியேறிப் போகிறபோது
என் காதருகே "வலி?" என்றார்.
"வலி" என்றேன்.

இடைவேளை. பாப்கார்ன் வாங்கினார்.
போன் அடித்தது. வார்டிலிருந்து.
ஆட்டோ, டிராஃபிக், ஆஸ்பத்திரி கேட்.
அவர் உள்ளே ஓடினார்.
பாப்கார்ன் என் கையில்.

அன்றிரவு முழுக்க
இருநூற்று நான்கின் சாவி ஆணியிலேயே தொங்கியது.
நான் அந்தப் பக்கம் பார்க்காமல்
பழைய பில்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
நான்கு மணிக்கு வந்தார். கவுன்ட்டரில் கை ஊன்றினார்.
"ஷிப்ரா," என்றார், "தண்ணி, தண்ணி."
கேட்டாளாம். குடித்தாளாம்.
நமுத்துப்போன பாப்கார்னை இருவரும் தின்று முடித்தோம்.

அந்தப் படம் போனிலேயே வந்து மாசக்கணக்காகிறது.
இம்தியாஸிடம் இருக்கிறது. நான் பார்க்கவில்லை.
பாதிப் படத்துக்குப் பாதி மார்க்குதான் என்று
அவன் சண்டைக்கு வருவான், வரட்டும்.

நேற்று மால்டாவிலிருந்து போன்.
ஜனவரியில் செக்கப், அதே ரூம் வேண்டும்.
வைக்கப்போகிற நேரத்தில்
பாதி இந்தியும் கையாட்டலுமாக
(கையாட்டியது போனிலேயே தெரிந்தது)
அந்தப் பெண் திரும்பி வந்தாளா என்று கேட்டார்.

"நாளைக்கு வா" என்றேன்.

இந்தத் தடவை சரியான இடத்தில் சிரித்தார்.