கீழ் இலை

டல்லியில் மழை நிற்பதில்லை,
மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.
வேலிக் கதவருகே இளஞ்சிவப்பு மருந்துத் தொட்டியில்
முதலில் வலது பூட்ஸ், பிறகு இடது.
அடித்தடத்தின் இடுக்கில் ஒட்டிய மண்ணைத்
தேய்த்தெடுக்கும் பிரஷ்ஷுக்கு
எங்கள் துறையில் என்னைவிட மதிப்பு.

பதினேழாம் வரிசை, நாற்பத்திரண்டாம் மரம்.
முதலில் பழுப்பது கீழ் இலைதான்,
விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி.
வயதாகவும் இருக்கலாம்.
பொட்டாஷ் போதாமையாகவும் இருக்கலாம்.
வாழை எல்லாவற்றையும்
ஒரே மஞ்சளில் எழுதும்.

கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துத் தண்டைக் கீறினேன்.
வெள்ளை மட்டைக்குள்
செங்காவி நூல்கள்.

துவா யாங் அதை எட்டிப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தார்.
"அதுதான் என்றால், எத்தனை வருஷம்?"
முப்பது. மேலேயும் ஆகலாம்.
"மருந்து?"
மண்ணுக்குள் தூங்குவதை
வேறு மண்ணுக்குச் சுமந்து போகாமல்
நடக்கப் பழகுவதுதான் எங்கள் வைத்தியம்.
டிராக்டர் சாவியைப் பையிலிருந்து எடுத்தார்,
பார்த்தார்,
திரும்பப் பையில் போட்டார்.

அதே வாரம் பிரிஸ்பேனிலிருந்து பெரியப்பா மகன்:
"உனக்குத்தான் தோட்டமெல்லாம் பழக்கமாச்சே,
மண்டப வாசலுக்குக் குலையோட ரெண்டு மரம்..."
எல்லை தாண்டக் கூடாது, அபராதம், என்றேன்.
"கல்யாண வீட்டுல சட்டம் பேசாதடி."

பிளாஸ்டிக் மரம் கட்டியிருந்தார்கள்.
குலை, பூ, காற்றில் கிழிந்ததுபோல் இலைக்கு ஒரு கிழிசல்கூட.
என்னை அறியாமல்
கீழ் இலையைப் புரட்டிப் பார்த்தேன்.
மைக்கில் ஒருவர் வாழையடி வாழையாக என்று தொடங்க,
தாய்மரத்தடியில் முட்டி வரும் பக்கக்கன்றுகள்தான் நினைவில்:
அதே உடம்பு, அதே உயிர்,
எந்தப் பிள்ளைக்கும் தனி முகம் கிடையாது,
ஒன்றுக்கு வந்தது எல்லோருக்கும்.
மணப்பெண்ணுக்கு அவள் அம்மாவின் மூக்கு இல்லை.
நல்லது, என்று சொல்லிக்கொண்டு
அட்சதை போட்டேன்.

ரசத்துக்குச் சோறு வாங்கும்போது போன் அதிர்ந்தது.
ஆய்வகம். உறுதி.
காகித வாழையிலையை என் பக்கமாக மடித்துவிட்டு
கார் நிறுத்துமிடத்தில் நின்று அவரைக் கூப்பிட்டேன்.
இங்கே மழை இல்லை.
அவர் பக்கம் தகரக் கூரையில் கேட்டது.

சொல்லி முடித்தேன்.
நெடுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி:
"நாய் வரிசைக்குள்ளே ஓடும்.
அதன் காலையும் கழுவணுமா?"

நாலு காலையும், என்றேன்.