மார்லிஸ் வீபேயின் தபால்

எனக்கு முன் இங்கே இருந்தவளுக்கு
வாரம் இரண்டு தபாலாவது வருகிறது.
மார்லிஸ் வீபே, கீழ்த்தளம், பின்வாசல், சாஸ்கட்டூன்.
அவள் பல் சுத்தம் செய்து ஒரு வருஷம் ஆகிறது.
அவள் பூனைக்குத் தடுப்பூசி பாக்கி.
விதைக் கம்பெனி ஒன்று அவளை விடுவதாயில்லை.
ஜனவரியில், வெளியே மைனஸ் முப்பத்தொன்றில்,
வழவழத் தாளில் தக்காளி அனுப்புகிறது.

எனக்கு ஒன்றும் வரவில்லை.

நூலகத்தில் அட்டை கேட்டேன்.
"முகவரிக்கு அத்தாட்சி ஏதாவது?"
அங்கேதான் தூங்குகிறேன் என்றேன்.
அங்கேதான் குளிக்கிறேன்,
அங்கேதான் ஒருநாள் ஷிரோவை அடிபிடிக்க விட்டு
மேல்வீட்டு ஒரெஸ்த் படியிறங்கி வந்து
எரிவது வீடா சாப்பாடா என்று கேட்டார்.
அந்தப் பெண் நல்லவள், சிரித்துவிட்டாள்.
பெயர் அச்சடித்த தாள் வேண்டும் என்றாள்.
மின்கட்டணம் வாடகையோடு சேர்த்தி.
வாடகை கையில் கொடுப்பது.
சம்பளச் சீட்டு போனுக்குள் வருகிறது,
அதில் இன்னமும் ஹப்தோம் வீட்டு விலாசம்,
முதல் மூன்று மாதம் அவன் சோபாவில் கிடந்தேன்.

பெரிய நகரமென்றால் தொலைந்து போகலாம்.
இது முழுசாகத் தொலைய விடாது.
ஆஸ்பத்திரிச் சலவையறையில் என்னோடு விரிப்பு மடிக்கும் ரோவேனா
ஞாயிற்றுக்கிழமை முட்டை வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறாள்.
என் கையுறை மாறியிருப்பதை
பேருந்து ஓட்டுநர் கவனித்துச் சொல்கிறார்.
ஆனால் என் பெயர் ஒருவர் வாயிலும் முழுதாக நுழையாது.
லெதெ என்று தொடங்கி இருமலில் முடியும்.
இந்த ஆற்றின் பெயரை நானும் அப்படித்தான் சொல்கிறேன்.
பாலத்தைக் காட்டி, "அதற்குக் கீழே ஓடுவது" என்பேன்.
கணக்குச் சரி.

ஹப்தோம் தன் பழைய காரை எனக்குத் தவணையில் விற்றான்.
அதன் மூக்கிலிருந்து ஒரு மின்வயர் தொங்கியது.
யாரோ மறந்ததென்று சுருட்டி உள்ளே தள்ளினேன்.
பிறகு பார்த்தால் தெருவில் எல்லாக் கார்களுக்கும் தொங்குகிறது.
"ராத்திரி சுவரில் செருகி வை" என்றார் ஒரெஸ்த்,
"இல்லாவிட்டால் காலையில் கிளம்பாது."
அன்றிலிருந்து கழுதையைக் கட்டுவதுபோல் கட்டிவிட்டுத்தான் படுக்கிறேன்.
இரண்டு தடவை எழுந்தும் பார்ப்பேன்.

ஒரே ஒரு ராத்திரி, வேலை முடிந்து வந்த களைப்பில்
எதிர்ப்பக்கம் நிறுத்தினேன்.
நிறுத்தக்கூடாது என்ற பலகை
கழுத்துவரை பனியில் நின்றிருக்கிறது.

நேற்று வந்தது.
பழுப்பு உறை, சின்னக் கண்ணாடி ஜன்னல்,
ஜன்னலுக்குள் நான்.
லெதெப்ரஹான் ஓக்பாஸ்கி,
ஓர் எழுத்து விடாமல்.
அந்த ஹ-வை எங்கே வைப்பதென்று
அஸ்மாராவில் என் பள்ளிக்கூடமே தடுமாறியது.
கீழ்த்தளம், பின்வாசல்.
பனி அள்ளும் வண்டிக்கு இடைஞ்சலாய் நின்றதற்கு அபராதம்.

நகரம் என்னைத் திட்டியிருக்கிறது.
பெயர் சொல்லித் திட்டியிருக்கிறது.
கோட்டைக்கூட மாட்டாமல் அதை
இரண்டு தடவை படித்தேன், வாசலில் நின்று.

நூலகப் பெண் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இது செல்லும்" என்றாள், முகத்தை இறுக்கிக்கொண்டு.
மூடும் நேரம். புத்தகம் எதுவும் எடுக்கவில்லை.
அட்டையை மட்டும் கையுறைக்குள், உள்ளங்கையோடு வைத்து
நிறுத்தம்வரை நடந்தேன்.

மார்லிஸின் உறைகள்மேல்
"இங்கே இல்லை" என்று எழுதித் திருப்பிப் போடுகிறேன்.
ஊரில் யாரோ என் கடிதங்களுக்கு
இதையே எழுதிக்கொண்டிருக்கலாம், டிக்ரின்யாவில்,
என்னைவிட நல்ல கையெழுத்தில்.
தக்காளிப் புத்தகத்தை மட்டும் திருப்பவில்லை.

அபராதம் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது,
அவள் விட்டுப்போன பூனைக் காந்தத்துக்குக் கீழே.
கட்டக் கடைசி நாள் வெள்ளி.
பணம் இருக்கிறது.
வெள்ளிவரை அது அங்கேயே இருக்கட்டும்.