இரண்டு வாய்க் குழி

புகை வரக் கூடாது என்றார் சித்தலிங்கப்பா.
அவர் சொன்னது ‘ஹொகெ’.
நம் பகரத்தை ஊதி அணைத்துவிட்டு
மூச்சை மட்டும் வைத்துக்கொண்ட மொழி.
எதிர் அடுக்ககத்தின் பதினோராம் மாடியிலிருந்து
யாராவது போன் செய்தால்
அவருடைய காவல் வேலை போய்விடும்.
ஆகவே
புகையாத குழி.

பாகலூர்ப் பக்கம், முப்பதுக்கு நாற்பது,
கிழக்குப் பார்த்த மனை.
ஒன்பது வருடம் தவணை கட்டினோம்,
ஒரு செங்கல் வைக்கவில்லை.
நாளை பதினொன்றரைக்குப் பத்திரம்.
வாங்குகிறவர் நல்ல மனிதர், நாய் வளர்க்கிறார்.

‘ஒரு ராத்திரியாவது அங்கே இருக்கலாமா’
என்று மின்னஞ்சலில் கேட்டது செல்வின்.
வக்கீலுக்கும் ஒரு நகல் போட்டிருந்தான்.

முதலில் புல்.
மண்வெட்டியால் சதுரமாகக் கீறி
சட்டியிலிருந்து அடை எடுப்பதுபோல வேரோடு கிளப்பி
ஈரச் சாக்குக்குள் வைத்தேன்.
காற்று எந்தப் பக்கம்?
அவன் விரலை நக்கித் தூக்கினான்.
நான் முள்ளில் மாட்டியிருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தேன்.
வடகிழக்கு என்றோம், இருவரும், ஒரே நேரத்தில்.
கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

தீக்குழி அவனுக்கு. முழங்கால் ஆழம்,
அடியில் பானைபோல வயிறு.
காற்றுக்குழி எனக்கு. ஒரு முழம் தள்ளி,
சாய்வாக, அந்த வயிற்றை நோக்கி.
அரை அடி வரை மெத்தென்ற சிவப்பு.
அப்புறம் ஜல்லி, கம்பித் துணுக்கு,
நீலப் பூப்போட்ட ஓடு ஒன்று,
யாருடைய குளியலறையோ.
கடப்பாறை இரண்டு முறை ‘ணங்’ என்று
வேறு பக்கம் போகச் சொன்னது.

கடைசி ஒரு சாண் கையால்தான்.
குப்புறப் படுத்தேன், தோள்வரை மண்ணுக்குள்.
அவனும் அந்தப் பக்கம்.
பேசாமல் சுரண்டினோம்,
எலி வேலை.
சுவர் பொலபொலவென்று உதிர்ந்து
என் நடுவிரலில் ஒரு நகம் பட்டது.
வெதுவெதுப்பாக இருந்தது.
யாரும் உடனே கையை எடுக்கவில்லை.
‘போதுமா?’ என்றான்.
‘இன்னும் கொஞ்சம் அகலம்’ என்றேன்.
காற்றுக்காகத்தான் சொன்னேன்.

நீலகிரிச் சுள்ளி, காய்ந்த தென்னம்பாளை,
நமுத்த தீப்பெட்டி, ஐந்தாவது குச்சி.
முதலில் புகைந்தது. சித்தலிங்கப்பா எழுந்து நின்றார்.
பிறகு என் குழி மூச்சு இழுத்தது.
அதன் வாயில் கை வைத்தேன்:
டிசம்பர் குளிர் விரல்களைத் தாண்டி
உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.
அந்தப் பக்கம் தீ நேராக நின்று உறுமியது.
தரைக்கு மேல் தலை நீட்டவில்லை.
தூரத்திலிருந்து பார்த்தால்
நிலம் தனக்குள் விளக்கேற்றி
எதையோ படித்துக்கொண்டிருப்பதுபோல.

தேவனஹள்ளிக்கு இறங்கும் விமானம் ஒன்று
வயிற்றைக் காட்டியபடி போனது.
தணலில் அவரைக்காயைத் தோலோடு போட்டோம்.
சித்தலிங்கப்பா காகிதத்தில் உப்பு மடித்து வந்தார்.
‘மனெ யாவாக?’
வீடு எப்போது என்கிறார்.
செல்வின் ஒரே காயை
உரித்துக்கொண்டே இருந்தான்.
நான் வாய் சுட்டுவிட்டதாக ஜாடை காட்டினேன்.

நான்கு மணிக்குத் தண்ணீர்.
கிளறி, மறுபடி தண்ணீர்.
புறங்கை வைத்துப் பார்த்து
சூடு இல்லை என்றான பிறகு மண்.
வெட்டி எடுத்த மண், எடுத்த குழிக்குள்
முழுதும் அடங்குவதில்லை.
மிஞ்சியதை ஓரமாக இறைத்தோம்.
மேலே புல், முன்பிருந்த திசையிலேயே.
நான் மிதித்தேன்.
அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில்
கருவி என் கட்டைவிரலை ஏற்கவில்லை.
ரேகைக்குள் மண் இருக்கிறது மேடம்,
துடைத்துவிட்டு வையுங்கள்.
அவனுடையதையும் ஏற்கவில்லை.
வாங்குகிறவர் ஈரத்தாள் நீட்டினார்,
நாய்க்கு வாங்கியதாம், பரவாயில்லையா என்றார்.
துடைத்தோம். வைத்தோம். துடைத்தோம்.
நான்காவது தடவை
பச்சை விளக்கு எரிந்தது,
புகையாமல்.