முன்கூட்டிய ஓய்வு

கடிதத்தில் அந்தச் சொல் தடித்த எழுத்தில் இருந்தது.
அதற்கு முன்னால் ‘விருப்பத்தின்பேரில்’,
சாதாரண எழுத்தில்.
மிஸ் குவெக் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினாள்.
என் விருப்பம் அந்த அறையில்
எங்கே உட்கார்ந்திருந்தது, தெரியவில்லை.
நாற்காலி இரண்டுதான்.

உட்லண்ட்ஸில் இருபத்து மூன்று வருடம்
சிலிக்கான் தகடு பார்த்தேன்.
கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு.
ஐம்பத்திரண்டு என்று
கண்ணா காட்டிக்கொடுத்தது?

கெட்டிக்காரச் சொல் அது.
கோயிலில் பத்மலோசனி கேட்டாள், சொன்னேன்.
“கொடுத்துவைத்தவள் நீ.”
வங்கியில் சொன்னேன்,
கடன் அட்டைப் பையன் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான்.
மின்தூக்கியில் அஸ்மாவிடம் சொன்னபோது
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
போன வருடம் அவள் கணவனுக்கும்
இதே சொல்லைத்தான் கொடுத்திருந்தார்கள்.
பத்தாவது மாடிவரை
எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

“ரிடையர்மென்ட்டா, ரிட்ரெஞ்ச்மென்ட்டா அம்மா?”
இரண்டும் ரி-யில்தானடா தொடங்குது என்றேன்.
மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

மழை ஓய்ந்தது என்றால் தானாக நின்றது.
கை ஓய்ந்தது என்றால் அயர்ந்துபோனது.
என் கை அயரவில்லை.
நேற்றுகூட மூங்கில் கழியில்
பதினோரு சட்டைகளை மாட்டியிருக்கிறது,
மில்லிமீட்டர் பிசகாத இடைவெளியில்.
நான் சொல்லாமலே.

முன்கூட்டி என்றால் எதற்கு முன்?
களைப்புக்கு முன்.
வீட்டுக்கடன் தீர்வதற்கு
நாலு வருடம் இரண்டு மாதம் முன்.

படிவத்தில் ‘தொழில்’ என்கிற கட்டத்தை
இன்னும் பென்சிலால்தான் நிரப்புகிறேன்.

விடிகாலை ஐந்து நாற்பதுக்கு
கம்பெனி பஸ் புளோக்குக்குக் கீழே வந்து நிற்கிறது.
விளக்கைப் போடாமல் சன்னலில் நிற்கிறேன்.
ஓட்டுநர் லிம்
ஒரு நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கிறார்.
யாரும் அவரிடம் சொல்லவில்லை போல.
சொல்லியும் இருப்பார்கள்,
தடித்த எழுத்தில்.

கதவு மூடுகிறது.
நாளைக்குக் கீழே இறங்கிப் போய்
நானே சொல்லிவிட வேண்டும்,
இருவருக்கும் தெரிந்த சந்தை மலாயில்:
சுடா ஹாபிஸ்.
முடிஞ்சு போச்சு.
சின்னச் சொல்தான்,
கையெழுத்துக் கேட்காது.