முன்னே பின்னே

மெரானோவில் மழை விட்ட காலை.
எகோனின் கொட்டகையில் இரண்டு கார்கள்.
ஒன்றுக்கு எஞ்சின் நீண்ட மூக்குக்குள்.
மற்றதற்கு என் பிடரிக்குப் பின்னால்.
விலை கொஞ்சம் முன்னே பின்னே, என்றார்.

முதலில் நீலம்.
பன்னிரண்டு சிலிண்டர்களும் தூரத்தில் எங்கோ
அடுத்த வீட்டு விருந்து போலப் பேசிக்கொண்டிருந்தன.
மூன்றாம் வளைவில் நோட்புர்கா தூங்கிவிட்டாள்.
நல்ல சகுனம் என்று நினைத்தேன்:
இதில் நீஸ் வரை போகலாம், சண்டையில்லாமல்.

பிறகு மஞ்சள்.
அதில் உட்கார முடியாது, விழத்தான் முடியும்.
முழங்கால் ஒரு சொல் சொன்னது, அச்சில் ஏறாதது.
முன்னால் கண்ணாடி, உடனே தார்.
நான் நினைத்து முடிப்பதற்குள் ஸ்டீயரிங் திரும்பியது.
காதுக்குப் பின்னால் யாரோ தகரத்தைக் கிழித்தார்கள்.
யாவ்ஃபென் கணவாய், பதினேழாவது வளைவு,
ஈரச் சருகு,
வால் ஒரு முழம் விலகித் திரும்ப வந்தது.

அவள் கத்தினாள்.
கல்யாணத்துக்குப் பின் நான் கேட்டிராத கெட்ட வார்த்தை,
தன் அப்பாவின் மலைப்பேச்சில்.
அதன் முனையில் சிரிப்பு.

உச்சியில் நிறுத்தினேன். கை நடுக்கத்தை மறைக்க
காப்பீடு, முதுகுவலி,
சூட்கேஸுக்கு இடம் என்று ஆரம்பித்தேன்.
நீலம்தான் புத்தி, என்றேன்.
அவள் இறங்கி, சுற்றி வந்து,
என் கதவருகே உள்ளங்கையை நீட்டினாள்.

சாவி.

இறக்கத்தில் பிரேக்கை எங்கே விட வேண்டுமென்று
அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று
கேட்டேன், அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.
இருக்கையைப் பிடித்தபடி பக்கவாட்டில் பார்த்தேன்:
முப்பத்து நான்கு வருடம் உடன் வாழ்ந்த,
முன்பின் தெரியாத ஒரு பெண்.