இலக்க மாற்றம்

ஒப்படைப்புக் கோப்பு நாற்பத்தொரு பக்கம்.
வங்கிக் கையொப்பம், வாடகை ஒப்பந்தம்,
ஜூன் முப்பதுக்குள் அரசுக்குப் போகவேண்டிய கணக்கு,
மாடிப்படியில் மூன்றாவது ஆடும் என்ற எச்சரிக்கை.
எல்லாம் இருந்தது.
அந்த இலக்கம் மட்டும் இல்லை.

டண்டினோங்கில், டயர்க் கடைக்கு மேலே
இரண்டு அறையும் ஒரு கேத்தலும்.
பதினேழு வருடமாகப் பலகையில் 'தோள்' என்றிருக்கிறது.
தோளுக்குப் போகிறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை.
"மலரக்காட்டப் போறன்."

நிர்வாகக் குழு ஐந்துக்கு நான்கில் என்னை எடுத்தது.
ஐந்தாவது கை தயங்கித்தான் எழும்பியது.
கூட்டக் குறிப்பில் அது வராது.

நேர்முகத்தில் நான் சொன்னது:
ஒரு மனுசியின் நித்திரையைத் தின்று
ஓர் அமைப்பு உயிர்வாழக் கூடாது.
இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

பிரியாவிடைக்கு றோல்ஸ், கேக், பொன்னாடை.
தலைவர் எட்வின் 'யுகம்' என்ற சொல்லை
ஆறு தடவை சொன்னார்.
புவனமலர் அழவில்லை.
மிஞ்சிய றோல்ஸை எண்ணி
யார் வீட்டில் எத்தனை பேர் என்று யாரிடமும் கேளாமல்
பொதி கட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கார்த் தரிப்பிடத்தில், தூறலில்,
ஒரு காதுத் தோட்டைக் கழற்றி
அதன் கொக்கியால் போனின் பக்கத்துளையைக் குத்தி
சிம்மை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.
நகத்தளவு. இன்னும் சூடு.

"உம்மட படிப்பெல்லாம் நல்லது.
ஆனா சனம் மனப்பாடம் பண்ணி வைச்சிருக்கிறது இதைத்தான்.
தடுப்பில இருந்த பொடியள்
சோப்பால சுவரில எழுதி வைச்சிருந்தவங்கள்.
ரெண்டே முக்காலுக்கு ஒருத்தன் எடுப்பான். கதைக்க மாட்டான்.
பேர் கேளாதையும்.
எப்பிடி இருக்கிறீர் எண்டும் கேளாதையும்.
அவன் வைக்கும்வரைக்கும் வையாதையும்."

"இரவு அழைப்புக்கு ஒரு கொள்கை வேணும் அக்கா,
முறைவைத்து ஆள், பதிவேடு..."
"வையும்," என்றார். "எல்லாத்தையும் வையும்."
தோட்டைத் திரும்ப மாட்டுவதற்கு
அவருக்கு நெடுநேரம் எடுத்தது.

முதல் இரவு.
இரண்டு நாற்பத்தாறுக்கு மேசையில் வெளிச்சம் நடுங்கியது.
ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம்;
பேச்சைத் தொடக்க முப்பது வாக்கியம் தெரியும்.
முப்பதையும் விழுங்கினேன்.
அந்தப் பக்கம் குளிர்சாதனப் பெட்டியின் முனகல்.
ஒரு லொறி. சொட்டும் குழாய்.
மூச்சு.
ஒன்பதாவது நிமிடத்தில்
தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்:
"அக்கா இல்லையா?"

"இல்லை. இனி நான்."

வைத்துவிட்டான்.

மூன்று இரவு இலக்கம் செத்துக் கிடந்தது.
அட்டவணை கீறினேன்: செவ்வாய் நான், புதன் மேகநாதன்,
வியாழனுக்கு ஆள் தேடவேண்டும்.
மேகநாதன் கேட்டான், "சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறதுக்கு
பயிற்சி எத்தினை மணித்தியாலம் போடுறது?"
தெரியவில்லை என்றேன்.
அந்தப் பெட்டியில் பூச்சியம் போட்டால்
மானியம் தருபவர்கள் கேட்பார்கள்.
ஆறு என்று போட்டோம்.

நான்காம் இரவு குழாய் சொட்டியது.
லொறி. மூச்சு.
இருபத்திரண்டு நிமிடம்.
அவன் ஏதோ சாப்பிட்டான், பாண் போலிருந்தது.

ஆகஸ்டில் ஒரு விடியப்புறம், நாலு பத்துக்கு,
பழக்கமில்லாத இலக்கம்.
சொல்லில்லை.
கேத்தல் கொதித்து டக்கென்று நின்றது,
கோப்பையில் ஒருவரும் ஊற்றவில்லை.
யாரோ பேச வாயெடுத்து மடக்கிக்கொண்ட மாதிரி.
பிறகு, மிக மெல்ல,
போன் கண்ணாடியில் ஒரு தோடு உரசும் சத்தம்.

நான் பேர் கேட்கவில்லை.

கிரான்போர்ன் போகும் முதல் ரயில்
டயர்க் கடையை ஆட்டிக்கொண்டு போனது.
அது அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.
ஐந்து மணிவரை இருவரும் வைக்கவில்லை.

பதிவேட்டில் 'அழைத்தவர்' என்ற இடத்தை விட்டுவிட்டு
நேரத்தை மட்டும் எழுதினேன்.