புள்ளடி

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் எண்ணினார்கள்.
கரும்பலகையில் யாரோ ஒரு பின்னக் கணக்கைப்
பாதியில் விட்டுப் போயிருந்தார்கள்.
மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள், முகவர்கள்.
தாளைத் தொடக்கூடாது.
கண்ணால் தொடலாம்.

ஒன்று நாற்பதுக்கு ஒரு தாள் வந்தது.
புள்ளடியின் ஒரு கால்
கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில்
நகம் ஊன்றி நிற்கிறது.
மற்ற மூன்றும் எங்கள் சின்னத்தோடு.
ஜெஸ்மினா மிஸ் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினா.
நான் சொன்னேன்:
மனிசர் கை நடுங்கும், மிஸ்.
எண்ணம்தானே முக்கியம். எண்ணம் தெளிவாயிருக்கு.
சொல்லும்போதே அந்தக் கையைக் கண்டேன், கடவுளாணை.
சல்லிப் பக்கத்து அம்மா ஒருத்தி,
வெயிலில் வரிசையில் நின்று களைத்தவள்,
பென்சிலைக் கரண்டிபோல் பிடிக்கிறாள்.
எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு இருபத்தைந்துக்கு இன்னொன்று.
அதே பறவை, அதே தாண்டல்,
மூன்று கால் மட்டும் ரெஜினோல்டின் கட்சியில்.
செல்லாது, என்றேன்.
கோடென்றால் கோடு, மிஸ்.
இந்தத் தாளுக்குள் எந்த அம்மாவும் வரவில்லை.
யாரோ வேணுமென்றே கீறின கீறல்.

பொய் சொல்லவில்லை நான்.
அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.
பொய்யென்றால் நாக்கு ஒருமுறையாவது இடறியிருக்கும்.
பார்த்தேன். கண்டேன். கண்டதைச் சொன்னேன்.
கண் எப்போது போய்
அங்கத்துவ அட்டை எடுத்ததென்று தெரியாது.

ஜெஸ்மினா மிஸ் ஒன்றும் பேசவில்லை.
முதல் தாளை எடுத்து
இரண்டாவதின் பக்கத்தில் வைத்து
அடிமட்டத்தால் நேராக்கினா.
ரெஜினோல்ட் சிரித்தான்.
சிரிக்க அவனுக்கும் உரித்தில்லை.
ஒன்று நாற்பதுக்குக் 'கோடென்றால் கோடு' என்றவன் அவன்.
அவனுடைய வசனத்தை நான் எடுத்துக்கொண்டேன்.
என்னுடைய அம்மாவை அவன் எடுத்துக்கொண்டு
பாலையூற்றில் குடிவைத்தான்,
கையில் வாதம் என்றும் சேர்த்துக்கொண்டான்.

மற்ற நாட்களில் நான் மாவாலையில் ஈரம் பார்க்கிறவன்.
கோதுமை எந்தக் கப்பலில் வந்தாலும்
முள் பதினாலைத் தாண்டினால் திருப்பு.
பதினெட்டு வருசம்.
ஒருநாளும் அந்த முள்ளிடம்
எண்ணத்தைப் பார் என்று கெஞ்சியதில்லை.

கீழே இறங்கும்போது விடியப் பார்த்தது.
மதிலோரம் மான்கள், ஐந்தாறு,
சுவரொட்டிகளை உரித்துத் தின்றுகொண்டு நின்றன.
எங்கள் வேட்பாளரின் வாய்.
அவர்கள் வேட்பாளரின் ஒரு காது.
பசையெல்லாம் எங்கள் ஆலை மாவு.
ஒரு குட்டி எங்கள் சின்னத்தை மட்டும்
விட்டுவைத்தது போலிருந்தது.
பார், மானுக்கும் தெரிகிறது,
என்று உள்ளுக்குள் ஒரு குரல் எழும்பிற்று.
பிறகு அது அதையும் தின்றது.

பதினொரு வாக்கு வித்தியாசம்.
யாருக்கென்று இங்கே எழுதமாட்டேன்.
எழுதினால் நீங்களும் ஒரு பக்கம் போய் நின்றுகொண்டு
மிச்சத்தை வாசிப்பீர்கள்.

உட்துறைமுக வீதியில் ஒரு கடை திறந்திருந்தது.
ரெஜினோல்டும் நானும் பிளேன்ரீ குடித்தோம்.
தண்ணீர் வற்றிக் கிடந்தது,
கொக்கு ஒன்று நடந்துபோயிருந்தது கரை நெடுக,
புள்ளடி புள்ளடியாய்,
கட்டம் கீறாத சேற்றில்.
சீனியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டு கேட்டான்:
மச்சான், எல்லாம் முடிஞ்சுது. இப்ப சொல்லு.
அந்த ரெண்டாவது?

கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்
என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

செல்லாது, என்றது வாய்.